பெயரை உரக்க வாசித்த கணக்கு: ராஜஸ்தானில் கோட் கிரானா முதல் ஜன் சூச்னா வரை

1997 கோடையில் ஜெய்ப்பூரில் ஒரு தர்ணா 53 நாள் நடந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகும் கிராமத்து ஆண்களும் பெண்களும். அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஊராட்சியில் நடந்த வேலைகளின் பில், வவுச்சர், மஸ்டர் ரோல் என்ற வருகை-கூலிப் பதிவேடு எல்லாவற்றின் நகலையும் காசு கட்டி வாங்கிக்கொள்ளும் உரிமையை அரசாணையாகத் தர வேண்டும். ஜூலையில், தர்ணா முடியும் தறுவாயில், மாநிலத்தின் துணை முதலமைச்சர் பத்திரிகையாளர்களிடம் ஒரு செய்தி சொன்னார்: அந்த ஆணை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது.

வெயிலில் 53 நாள் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியாது. ஊராட்சி அலுவலகங்களுக்கும் தெரியாது. தகவல் பெறும் உரிமையைத் தரும் ஆணையே தகவலாக யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அரசின் வெளிப்படைத்தன்மையை மக்கள் ஏன் நம்புவதில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது. ஆணை வெளியானது உண்மை, அச்சில் இருந்ததும் உண்மை. ஆனால் யாருக்காக அச்சிட்டார்களோ அவர்கள் கையில் அது இல்லை. இன்றைக்கு அரசிதழ் இருந்த இடத்தில் இணையதளம் இருக்கிறது. கேள்வி அப்படியே இருக்கிறது. ராஜஸ்தானில் நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாக நடந்துவரும் இந்த முயற்சியை ஒரே கதையாகத் தொடர்ந்து பார்த்தால், அரசுத் தரவின் மேல் நம்பிக்கை எந்த இடத்தில் பிறக்கிறது, எந்த இடத்தில் செத்துப்போகிறது என்று ஓரளவு பிடிபடுகிறது.

கூலியில் தொடங்கியது

1987-ல் ராஜஸ்தானின் ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய தேவ்டூங்கரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் சிலர் குடியேறினார்கள். ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், 1968-ல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்து சில ஆண்டுகளிலேயே விட்டவர். இன்னொருவர் ஷங்கர் சிங், அந்தப் பக்கத்துக்காரர், பொம்மலாட்டத்திலும் பாட்டிலும் கூட்டத்தைக் கட்டிப்போடக் கூடியவர். அப்புறம் நிகில் டே, படிப்பை விட்டுவிட்டு வந்த இளைஞர். ஷங்கர் சிங்கின் மனைவி அன்ஷியும் குழந்தைகளும் அதே வீட்டில் இருந்தார்கள்.

அது மழை பொய்க்கும் பகுதி. ஆண்கள் குஜராத்துக்கு வேலை தேடிப் போவார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அரசின் பஞ்ச நிவாரண வேலைதான் கதி: குளம் வெட்டுவது, சாலைக்கு மண் போடுவது. நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1983-லேயே, அதுவும் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில்தான், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனாலும் கூலி முழுதாக வரவில்லை.

காரணம் கேட்டால் வரும் பதில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்தது. “நீங்கள் தோண்டியது குறைவு. அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.” சரி, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், “அது அரசாங்க ஆவணம், காட்ட முடியாது.” 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல் ஒரு குழியின் நீள அகலம் வரைக்கும் விழுந்திருந்தது. வயிற்றுக்காகக் கேட்ட கேள்வி இப்படித்தான் தாளுக்கான கேள்வியாக மாறியது. தகவல் உரிமை என்றால் படித்தவர்களின் சங்கதி என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் அது பஞ்ச நிவாரணக் குழிக்குள்ளிருந்து எழுந்த கோரிக்கை.

1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது உழைப்பாளர் உழவர் சக்திச் சங்கம் உருவானது. அடுத்த நான்கு ஆண்டில் உண்ணாவிரதம், பேச்சுவார்த்தை, வாக்குறுதி எல்லாம் நடந்தன, கூலி மட்டும் ஏறவில்லை. அப்புறம்தான் வழியை மாற்றினார்கள்.

கோட் கிரானாவில் என்ன நடந்தது

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தின் கோட் கிரானா. முதல் ‘ஜன் சுன்வாய்’ அங்கே நடந்தது. மக்கள் முன் விசாரணை என்று சொல்லலாம். வட்டார நிர்வாகத்தில் இருந்த ஓர் அதிகாரி ஆவணங்களைப் பார்க்க அனுமதித்ததால்தான் அது நடக்க முடிந்தது.

ஒரு வேலைக்கு என்னென்ன தாள் இருக்கும் என்று தெரிந்தால்தான் அன்று நடந்ததன் பலம் புரியும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி வாங்கினார், கையெழுத்தா கைநாட்டா என்பது மஸ்டர் ரோலில் இருக்கும். சிமெண்ட், கல், மணல், வண்டி வாடகை எல்லாம் பில்லிலும் வவுச்சரிலும். எவ்வளவு வேலை முடிந்தது என்று பொறியாளர் எழுதுவது அளவுப் புத்தகத்தில். கடைசியாக, வேலை முடிந்தது, பணம் செலவானது என்று ஒரு சான்று. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் தணிக்கைக்கு வருபவர் திருப்தியோடு போய்விடுவார். அவர் தாளைத் தாளோடுதான் ஒப்பிடுவார். தாள் அத்தனையையும் ஒரே கை எழுதியிருந்தால் எல்லாம் பொருந்தத்தானே செய்யும்?

சங்கத்துக்காரர்கள் தாளை ஆளோடு ஒப்பிட்டார்கள். ஆவணத்தைக் கையால் பார்த்தெழுதினார்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். நீ இந்த மாதத்தில் இந்தச் சாலை வேலைக்குப் போனாயா? இத்தனை நாளா? இவ்வளவு ரூபாய் வந்ததா? பிறகு குறித்த நாளில் பந்தல் போட்டு, மைக் வைத்து, ஊர் முன்னால் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து பதில் சொன்னார். அந்த வேலைக்கு நான் போனதே இல்லை என்றார்கள். ஊரிலேயே இல்லாதவர்கள், உயிரோடே இல்லாதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிந்துவிட்டதாகச் சான்று பெற்றிருந்த அரசுக் கட்டடம் ஒன்று அரைகுறையாக எல்லோர் கண் முன்னாலும் நின்றது.

1994 டிசம்பரிலிருந்து 1995 ஏப்ரல் வரை பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று மேலும் நான்கு இடங்களில் இது நடந்தது. ஓரிடத்தில் பொருள் வழங்கியதாகப் பில் கொடுத்திருந்த நிறுவனம் தாளில் மட்டுமே இருந்தது தெரியவந்தது. ஊராட்சிச் செயலர்கள் எதிர்த்தார்கள், ஆவணம் தர மறுத்துப் போராடவும் செய்தார்கள்.

இந்த விசாரணையின் வடிவத்தில் நான் மதிக்கும் ஒன்று, குற்றம் சாட்டப்படுபவருக்கும் அதே மைக் இருந்தது. தலைவரும் செயலரும் பொறியாளரும் அழைக்கப்பட்டார்கள், பதில் சொல்ல நேரம் தரப்பட்டது. வெளியூரிலிருந்து வந்த வழக்கறிஞர், பத்திரிகையாளர், முன்னாள் அதிகாரி என்று ஒரு குழு எதிரே உட்கார்ந்திருந்தது. 1998-ல் நடந்த விசாரணைகளில் ஊராட்சித் தலைவர்கள் சிலர் பொதுவில் தவறை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, தாள் கையில் இருந்தது, தாளில் பெயர் உள்ளவர் எதிரே நின்றார். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உருவம் எனக்குத் தெரியவில்லை. அந்த மக்கள் அரசாங்கத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கு என்பது சரிபார்க்கக் கூடிய ஒன்று என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

ஆணையிலிருந்து சட்டத்துக்கு

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஊராட்சி வேலைகளின் ஆவண நகலை யாரும் பெறலாம். ஓராண்டு ஆயிற்று, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. தொடங்குகிற நேரத்தில் ஓர் ஆணை வந்தது. ஆவணத்தைப் பார்க்கலாம், நகல் கிடையாது என்றது. நகல் இல்லாமல் பார்ப்பதில் என்ன பயன்? தவறைக் கண்டுபிடித்தாலும் கையில் சான்று இருக்காது. தர்ணா 40 நாள் நீண்டது. அக்கம்பக்கத்துக் கிராமங்கள் தானியம் அனுப்பின, சந்தைக் காய்கறிக்காரர்கள் காய் கொடுத்தார்கள். ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’, எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற முழக்கத்துக்கு வணிக ஊரான பியாவரில் விளக்கவுரை தேவைப்படவில்லை.

சங்கத்துப் பெண் ஒருவரிடம், பள்ளிக்கூடமே அதிகம் பார்க்காத உங்களுக்கு ஏன் இந்தத் தகவல் என்று கேட்டார்கள். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் அரசாங்கம் கோடிகளைச் செலவழிக்கிறது, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பதில் அப்புறம் நாடு முழுக்கப் பரவியது.

பியாவருக்குப் பிறகு 1996-ல் தேசிய அளவில் ஒரு பிரசார இயக்கம் உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த இந்தியப் பத்திரிகை மன்றம் சட்ட முன்வரைவு தயாரிக்க உதவியது. மாநிலச் சட்டம் என்று பார்த்தால் முந்திக்கொண்டது தமிழ்நாடுதான், 1997-ல். நம்மில் பலருக்கு அது நினைவில் இல்லை, காரணமும் உண்டு. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம் அது, பின்னால் மக்கள் இயக்கமும் இல்லை. ராஜஸ்தான் சட்டம் 2000-ல்தான் வந்தது. ஆனால் அங்கே சட்டம் வரும் முன்பே அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஊர்கள் இருந்தன. 2001 ஏப்ரலில் ஜனாவத் ஊராட்சியில் நடந்த விசாரணையில், தாளில் மட்டும் முடிந்திருந்த வேலைகள் வரிசையாக வெளியே வந்தன, அரசு தனியே விசாரணை நடத்த வேண்டி வந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் எல்லோரும் அறிந்தது ஆறாவது பிரிவு: பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது. எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவது பிரிவு. மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறையும்படி அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும், அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொண்டு, எளிதில் கிடைக்கும் வழியில் வெளியிட வேண்டும் என்கிறது அது. திறந்த தரவு என்று இன்றைக்கு நாம் சொல்வதன் இந்தியச் சட்ட வேர் இதுதான்.

கடல்போலத் தரவு, கரையில் ஆளில்லை

அதே 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தது, நம் ஊரில் நூறு நாள் வேலை. அதன் பதினேழாவது பிரிவு, கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட் கிரானாவின் பந்தல் சட்டப் புத்தகத்துக்குள் ஏறிய இடம் அது.

இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு கட்டிய இணையதளத்தைப் போலத் திறந்த ஒன்று உலகில் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. மாநிலம், மாவட்டம், வட்டாரம், ஊராட்சி என்று இறங்கிப் போனால் ஒவ்வொரு மஸ்டர் ரோலும் பெயரோடு இருந்தது. 1994-ல் ஓர் அதிகாரியின் நல்ல மனசால் கிடைத்த தாள் கோடிக்கணக்கில் கடவுச்சொல் இல்லாமல் கிடந்தது.

நானே ஒருமுறை ஓர் ஊராட்சிக்குள் இறங்கிப் பார்த்தேன். நிதியாண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு வேலையின் குறியீடு, பிறகு மஸ்டர் ரோல் எண். பெரும்பாலும் ஆங்கிலம். பணம் ஏன் வரவில்லை என்று அறிய, நிதி மாற்ற ஆணையின் எண்ணைப் பிடித்து வேறொரு பக்கத்துக்குப் போக வேண்டும். மண்வெட்டியோடு வீட்டுக்குத் திரும்பும் அம்மாவுக்கு அந்தப் பாதையில் ஒரு படிகூட இறங்க முடியாது. ஆய்வாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அது பொற்சுரங்கம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தாளில் பெயர் உள்ளவருக்கும் தாளுக்கும் நடுவில் மறுபடியும் ஓர் அலுவலகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை கணினித் திரையாக.

சுவர்கள் அதைக் கொஞ்சம் சரிசெய்தன. ராஜஸ்தானின் பல ஊராட்சிகளில் அலுவலகச் சுவரிலேயே வேலை அட்டைக்காரர் பெயர், வேலை செய்த நாள், வாங்கிய தொகை எல்லாவற்றையும் வண்ணத்தில் எழுதி வைத்தார்கள். போகிற வருகிறவர் கண்ணில் படும். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பையன் படித்துக் காட்டுவான். என்னைப் பொறுத்தவரை அந்தச் சுண்ணாம்புச் சுவர் எந்தத் திரைக்கும் குறைந்த தொழில்நுட்பம் இல்லை.

திரை மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. வேலைத்தளத்தில் காலை, மதியம் என்று நாளுக்கு இரண்டு முறை, இடக்குறியீட்டோடு வேலையாட்களைப் போட்டோ எடுத்துச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2021-ல் ஒரு முறை வந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர மற்ற எல்லா வேலைகளுக்கும் அது கட்டாயமானது. போட்டோக்கள் பொதுவெளியில் இருந்தன. போலி வருகையை ஒழித்து நம்பிக்கையைக் கூட்டும் என்றார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், நேரில் எடுக்காமல் படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையும் பதிவும் ஒத்துப்போகவில்லை, ஆண் பெண் எண்ணிக்கைகூடப் பொருந்தவில்லை. ஊராட்சி மட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னது அந்தக் கடிதம்.

சிக்னல் இல்லாத காட்டில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த பெண்ணுக்கு, படம் ஏறாததால் கூலி போகிறது. வேலைக்கே வராத ஒருவருக்கு, பழைய படம் ஒன்று கூலியை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் ஊரார் பார்க்கிறார்கள். அந்தத் தரவை அவர்கள் எப்படி நம்புவார்கள்? சரிபார்க்கும் வேலையை ஊரிடமிருந்து எடுத்துச் செயலியிடம் கொடுத்தார்கள். செயலியால் ஒரு முகத்தைப் பார்த்து, “அக்கா, நீ நேற்று வந்தாயா?” என்று கேட்க முடியாது.

செத்தவர்கள் எழுந்து நின்ற கதை

2016-ல் ராஜஸ்தானில் பல லட்சம் பேரின் முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி ஓய்வூதியங்கள் நின்றுபோயின. வழங்கும் முறையைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது பழைய பட்டியலில் இருந்தவர்களைச் சரிபார்த்ததாகச் சொல்லிப் பெயர்களை நீக்கியிருந்தார்கள். பலருக்கு நேரே எழுதியிருந்த காரணம், மரணம். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போனது. பழைய வேலைதான்: பெயரை வாசி, ஆளைத் தேடு. தாளில் செத்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வங்கிக் கணக்கு எண் மாறியது, கைரேகை விழவில்லை, ஊரில் இல்லாத நேரத்தில் ஆள் வந்து போனார், இப்படி ஏதோ ஒன்று அவர்களைக் கணினியில் கொன்றிருந்தது.

அரசு தரப்பில் அந்தப் பெயர் நீக்கம் போலிகளை ஒழித்த மிச்சக் கணக்காகக் காட்டப்பட்டது. மொத்த எண் மட்டும் வெளியானால் அது நல்ல செய்தி. பெயர்ப் பட்டியல் வெளியானால்தான் அதற்குள் உயிரோடு இருப்பவர்கள் தெரிகிறார்கள். தரவு வெளியீடு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மொத்தக் கணக்கை ஊரார் சரிபார்க்க முடியாது. தங்கள் வரியைச் சரிபார்க்க முடியும்.

2019 செப்டம்பர் 13 அன்று ராஜஸ்தான் அரசு ஜன் சூச்னா, அதாவது மக்கள் தகவல் என்ற இணையவாசலைத் தொடங்கியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை நிறைவேற்றுவதாகச் சொல்லியே தொடங்கினார்கள். முதலில் 13 துறைகளின் 23 திட்டங்கள், பிறகு நூறு துறைகளுக்கும் மேல். வேலை உறுதித் திட்டம், ரேஷன், ஓய்வூதியம், கழிப்பறை மானியம், பயிர்க்கடன் தள்ளுபடி, சிலிக்கோசிஸ் என்ற கல்தூசி நுரையீரல் நோய்க்கான நிவாரணம், சுரங்கக் குத்தகை எல்லாம் ஒரே இடத்தில். ஒரு ரேஷன் கடையைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தேதியில் எத்தனை கிலோ போனது என்று காட்டும்.

இதைக் கட்டிய விதம்தான் மற்ற அரசு இணையதளங்களிலிருந்து இதை வேறாக்கியது. தகவல் தொழில்நுட்பத் துறை, அந்தந்தத் துறை அதிகாரிகள், மக்கள் அமைப்புகள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த விவரம், எந்த வரிசையில், எந்தச் சொல்லில் வர வேண்டும் என்று தொடர்ந்து பேசினார்கள். துறை தன்னிடம் எப்படி வைத்திருக்கிறதோ அப்படியே கொட்டாமல், ஊரில் கேட்கப்படும் கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். என் ரேஷன் எங்கே? என் மனு எந்த மேசையில் நிற்கிறது? நிராகரித்தால் ஏன்? இந்தியில் இருந்தது, செல்போன் இல்லாதவர்கள் இ-மித்ரா என்ற அரசுச் சேவை மையத்தில் பார்க்கலாம். கல்லுடைத்து நுரையீரல் கெட்டவருக்குத் தன் சான்றிதழ் மருத்துவக் குழுவிடம் இருக்கிறதா, பணம் ஒதுக்கிவிட்டார்களா என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை. அவருக்குக் காத்திருக்க நாள் அதிகம் கிடையாது.

பெயர்ப் பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு, இணையவாசல் திறப்பதற்குச் சில மாதம் முன்பே, 2019 தொடக்கத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. கடன் தள்ளுபடி பெற்ற விவசாயிகளின் பட்டியல் வெளியானதும் டுங்கர்பூர் மாவட்டத்தின் சில ஊர்களில் மக்கள் திகைத்தார்கள். கடனே வாங்காதவர்கள் பெயரில் கடன் தள்ளுபடியாகியிருந்தது. கூட்டுறவுச் சங்க மட்டத்து மோசடி அப்படித்தான் வெளியே வந்தது, பட்டியலில் தன் பெயரைப் பார்த்தவர் “நான் வாங்கவில்லையே” என்று சொன்னதால்.

எங்கே நின்றுபோகிறது

இதையெல்லாம் வெற்றிக் கதையாக எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தவறு தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்ற இடத்தில் பெரும்பாலும் எல்லாம் நின்றுவிடுகிறது. ராஜஸ்தானிடம் கற்று, மாநில அளவில் ஒழுங்காகச் சமூகத் தணிக்கை நடத்திய ஆந்திரத்தை ஃபர்ஸானா அஃப்ரிதி, வேகார்ட் இவர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். தணிக்கை திரும்பத் திரும்ப நடந்தும் முறைகேடுகளின் மொத்த அளவு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கூலியில் கைவைப்பது எளிதில் பிடிபடுவதால், பிடிபடக் கடினமான பொருள் கொள்முதலின் பக்கம் முறைகேடு நகர்ந்திருந்தது. தண்டனையும் பண மீட்பும் பலவீனமாக இருந்ததை அவர்கள் சுட்டினார்கள். சிமெண்ட் பில்லைப் பற்றி ஊரில் யாரும் எழுந்து “என் பெயரில் எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்ல முடியாதுதானே.

ராஜஸ்தான் இயக்கத்துக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 2015 டிசம்பர் 1 அன்று மாநிலத்தின் 33 மாவட்டங்களுக்கும் நூறு நாள் பயணம் தொடங்கி, பொறுப்புடைமைச் சட்டம் கேட்டார்கள். குறை சொன்னால் இத்தனை நாளில் பதில், தராத அதிகாரிக்கு அபராதம். 2018 தேர்தலில் வாக்குறுதி தரப்பட்டது. ஜன் சூச்னாவைத் திறந்த அதே அரசு தன் ஐந்து ஆண்டில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றவில்லை. கணக்கைக் காட்டுகிறோம், பதில் சொல்லக் கட்டாயம் இல்லை என்று அரைவழியில் நின்றுவிட்டது. வெளிப்படைத்தன்மையை மக்கள் வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான். தெரியாமல் ஏமாறுவதைவிட, தெரிந்தும் ஒன்றும் ஆகாதது அதிகம் வலிக்கும்.

இன்னொரு பக்கம் தனியுரிமை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, வேலை உறுதித் திட்டம் உட்பட நான்கு அரசு இணையதளங்களில் ஏறக்குறைய 13 கோடி பேரின் ஆதார் எண்கள் வெளியே தெரியும்படி இருந்திருக்கலாம் என்று காட்டியது. பலருடைய வங்கிக் கணக்கு எண்களும் கிடந்தன. அது பெரிய தவறு. ஊரார் சரிபார்ப்பதற்கு ஆதார் எண் எதற்கு? பெயர், ஊர், வேலை, நாள், தொகை, கொடுத்த தேதி போதும். ஜன் சூச்னாவிலும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று உட்கார்ந்து விவாதித்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. நோயாளியின் பட்டியலில் இந்தக் கோடு இன்னும் மெல்லியது, அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை.

ஆனால் அந்தத் தவறுக்கு இப்போது வந்திருக்கும் மருந்து என்னைக் கவலைப்படுத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44-வது பிரிவின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுச் செயலோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலை மட்டுமே மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் தர வேண்டும். இப்போது அந்த நிபந்தனைகள் போய்விட்டன, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம். பொதுநலன் கருதித் தரலாம் என்ற வழி எட்டாவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது, ஆனால் அதைத் திறக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறவர் அதிகாரி.

மஸ்டர் ரோலில் இருப்பது தனிநபர் தகவல்தான். ரேஷன் பதிவேடும் அப்படித்தான், ஓய்வூதியப் பட்டியலும் அப்படித்தான். பெயரை எடுத்துவிட்டால் அந்தத் தாளில் மிஞ்சுவது இவ்வளவுதான்: ஒரு குளம், இருபது பேர், பன்னிரண்டு நாள், ஒரு தொகை, பொறியாளரின் கையெழுத்து. கோட் கிரானாவில் மைக்கைப் பிடித்து அதை வாசித்திருந்தால் கூட்டத்திலிருந்து ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார்.